மைதானத்தில் அரை ஆட்டக்காரர், மேசையில் அரை முதலாளி

கேள்வி: ஜூன் மாதம் மூன்று வாரம் சிகாகோவில் இருப்பேன். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு தெரியாது. ஆனாலும் அங்கே ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆசை. எதைப் பார்க்கலாம்? டிப்ஸ் விஷயத்தில் வேறு எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எவ்வளவு கொடுக்க வேண்டும், ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்:

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. மகள் வீடு சிகாகோ பக்கம் என்பதால் நான்கு கோடைகளை அங்கே கழித்திருக்கிறேன். முதல் பயணத்தில் நான் அதிகம் திணறிய இடங்கள் இந்த இரண்டும்தான். விளையாட்டு மைதானம் ஒன்று, ஓட்டல் மேசை இன்னொன்று. திணறியதற்குக் காரணம் ஒன்றே என்பது இரண்டாம் பயணத்தில்தான் புரிந்தது. நம் ஊரில் டிக்கெட் வாங்கியவர் பார்க்கலாம், சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடலாம். அதற்குமேல் அவருக்கு வேலை கிடையாது. அங்கே அப்படிச் சும்மா இருக்க விடமாட்டார்கள். மைதானத்தில் உங்களுக்கு ஒரு சிறு வேடம் உண்டு. மேசையில், சம்பளம் கொடுக்கும் பொறுப்பில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. முதலாவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டாவதோடு இன்றுவரை மனம் சமாதானமாகவில்லை, ஆனால் தவறாமல் கொடுக்கிறேன்.

ஜூன் என்றால் பேஸ்பால்தான். அமெரிக்கக் கால்பந்து செப்டம்பரில்தான் தொடங்கும். கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும் அதற்குள் இறுதிக்கட்டத்தை எட்டி முடிந்துகொண்டிருக்கும். பேஸ்பாலிலோ ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த ஊரில். எனவே நீங்கள் இருக்கும் மூன்று வாரத்தில் டிக்கெட் கிடைக்காமல் போகாது. சிகாகோவில் இரண்டு அணிகள் இருக்கின்றன. வடக்கே கப்ஸ், தெற்கே வொய்ட் சாக்ஸ். நகர ரயிலின் ரெட் லைன் இரண்டு மைதானங்களுக்கும் போகிறது. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் கப்ஸ் ஆடும் ரிக்லி ஃபீல்டுக்குப் போங்கள்.

அடிசன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால், வீடுகளுக்கு நடுவே மைதானம் நிற்கிறது. 1914-இல் திறந்தது. எதிரே இருக்கும் வீடுகளின் மொட்டைமாடிகளில் படிக்கட்டு போல இருக்கைகள் போட்டு, அங்கிருந்து பார்ப்பதற்கும் டிக்கெட் விற்கிறார்கள். மைதானத்தின் உள்ளே எல்லைச் செங்கல் சுவர் முழுவதும் கொடி படர்ந்திருக்கும். 1937-இல் நட்டது. பந்து அந்த இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கைகளையும் தூக்கி நின்றுவிடுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ், அதாவது ரன் ஓடும் பாதையில் இரண்டு நிறுத்தம். கிரிக்கெட்டில் பந்து தொலைந்தால் தேடுவோம், இங்கே செடிக்கு மரியாதை கொடுத்துத் தேடாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்கோர் பலகையும் 1937-ஐச் சேர்ந்ததுதான். உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். மின்விளக்கு இந்த மைதானத்துக்கு வந்ததே 1988-இல்தான். இப்போதும் பகல் ஆட்டங்கள் அதிகம். வேலை நாளில் மதியம் ஒன்றரை மணிக்கு அத்தனை பெரிய கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று நான் மருமகனைக் கேட்டேன். "எல்லோருக்கும் இன்று பல்வலி, மாமா" என்றார்.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு விதிகளை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தலைகீழாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் ரன் மலிவு, விக்கெட் அரிது. இங்கே அவுட் மலிவு, ரன் அரிது. மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை, இப்படி ஒன்பது இன்னிங்ஸ். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனதால் முதல் ஒரு மணி நேரம் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். பந்து வீசுபவருக்கும் மட்டைக்காரருக்கும் இடையே ஒவ்வொரு பந்திலும் நடக்கும் ஏமாற்று வேலைதான் ஆட்டம் என்று பிறகு விளங்கியது. டெஸ்ட் போட்டியில் நல்ல சுழற்பந்து வீச்சாளரின் ஓவரைப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் இதுவும் பிடிக்கும். முன்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டத்தை, 2023-இல் வீச்சாளருக்கு ஒரு கடிகாரம் வைத்து ஏறக்குறைய 2 மணி 40 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் வீசியாக வேண்டும்.

இனி, அந்த வேடத்துக்கு வருகிறேன்.

முதல் அதிசயம் பந்து. கூட்டத்துக்குள் வந்து விழுந்த பந்தை யாரும் திருப்பித் தருவதில்லை. பிடித்தவருக்கே சொந்தம். சேப்பாக்கத்தில் சிக்சர் பந்தைப் பிடித்து, ஒரு நொடி கேமராவுக்குக் காட்டிவிட்டுத் திருப்பி எறிந்து பழகிய சமூகம் நாம். இங்கே பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் பந்தைத் திருப்பித் தர வேண்டும், தராதவரோடு காவலாளிகள் மல்லுக்கு நிற்பார்கள். ரிக்லி மைதானத்தைக் கட்டிய சார்லஸ் வீக்மன் என்பவர் 1916-இல் ரசிகர்கள் பந்தை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார், அப்படிச் செய்த முதல் உரிமையாளர் அவர்தான் என்று சொல்வார்கள். 1920-இல் இன்னொன்று நடந்தது. கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பந்து தாக்கி மறுநாள் இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரே பந்தை மண்ணும் எச்சிலும் ஏறிக் கறுக்கும்வரை பயன்படுத்துவார்கள், மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அதன்பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வந்தது. இன்று தரையில் பட்டு லேசாகத் தேய்ந்தாலே வேறு பந்து. எண்பது ஓவருக்கு ஒரு பந்தைப் பளபளவென்று தேய்த்துக் காப்பாற்றும் நம் கண்ணுக்கு இது ஊதாரித்தனமாகத் தெரியும். ஆனால் அந்த ஊதாரித்தனத்தால்தான் ஒவ்வொரு சிறுவனும் கையுறை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் ஒரு கையில் பீர் கோப்பையோடு, மறு கையால் பந்தைப் பிடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிடித்த பந்தைப் பின்னால் திரும்பி, யாரென்றே தெரியாத ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இதற்கும் ரிக்லியில் ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து (நம் சிக்சர் போல எல்லைச் சுவரைத் தாண்டி வந்தது) உங்கள் கைக்கு வந்தால் அதை மைதானத்துக்குள் திருப்பி வீச வேண்டும். சட்டமெல்லாம் இல்லை. சுற்றியிருக்கும் கூட்டம் "எறி, எறி" என்று கத்தும் கத்தலில் நீங்களே எறிந்துவிடுவீர்கள்.

இரண்டாவது, தின்பண்டம் விற்பவர்கள். தலைக்கு மேல் தட்டைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கிக் கூவுவார்கள். நான் வரிசையின் நடுவில் இருந்தேன். வேர்க்கடலைக்குக் கையைத் தூக்கினேன். அவர் பொட்டலத்தை என்னை நோக்கி வீசினார், நான் தவறவிட்டேன், பக்கத்தில் இருந்த பாட்டி பிடித்துக் கொடுத்தார். நான் நீட்டிய நோட்டு ஆறு பேர் கை மாறி அவரிடம் போயிற்று, மீதிச் சில்லறை அதே ஆறு பேர் கை மாறி என்னிடம் வந்தது. நெரிசலான டவுன் பஸ்ஸில் "அண்ணே, ஒரு சைதாப்பேட்டை" என்று பணத்தை முன்னால் அனுப்பும் அதே காட்சி. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அதைப் பார்த்ததில் ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? இப்போது பல மைதானங்கள் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு இயந்திரத்தோடு வருகிறார்கள். அந்த ஆறு கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் சிகாகோ பாணி ஹாட் டாக் ஒன்று வாங்கிப் பாருங்கள். கசகசா தூவிய பன், நடுவே சாசேஜ், அதன்மேல் மஞ்சள் கடுகு, நறுக்கிய வெங்காயம், கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் ஊறுகாய்க் கலவை, தக்காளித் துண்டுகள், ஒரு நீள வெள்ளரி ஊறுகாய், இரண்டு காரமிளகாய், கடைசியில் செலரி உப்பு. கெட்ச்சப் மட்டும் கேட்காதீர்கள். பெரியவர் ஒருவர் கெட்ச்சப் ஊற்றிக்கொண்டால் சிகாகோக்காரர்கள் பார்க்கும் பார்வை, இட்லிக்குச் சர்க்கரை கேட்டவரை நாம் பார்ப்பது போல இருக்கும். சைவர்களுக்கு வேர்க்கடலை, பிரெட்ஸெல், நாச்சோஸ்.

ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம், ஒவ்வொரு நாளும். திரையரங்கில் எழுந்து நின்ற தலைமுறை நான், எனவே கூச்சம் ஏதுமில்லை. 1918-இல், போர்க்காலத்தில், சிகாகோவில் நடந்த இறுதித்தொடரின் முதல் ஆட்டத்தில் நடுவே பேண்ட் இந்தப் பாட்டை வாசிக்க, கூட்டம் தானாக எழுந்து சேர்ந்து பாடியது என்கிறார்கள். அப்போது அது தேசிய கீதமே இல்லை. 1931-இல்தான் அந்தத் தகுதி வந்தது. பிறகு ஏழாம் இன்னிங்ஸின் நடுவே எல்லோரும் எழுந்து கைகாலை நீட்டி, 1908-இல் எழுதப்பட்ட ஒரு பழைய பேஸ்பால் பாட்டைப் பாடுவார்கள். ஹாரி கேரி என்ற வர்ணனையாளர் தன் கரகரத்த, சுருதி சேராத குரலில் ஒலிபெருக்கியில் பாடிப் பாடி ரிக்லியில் அதை ஒரு சடங்காக்கிவிட்டார். அவர் 1998-இல் இறந்த பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு விருந்தாளியை அழைத்துப் பாட வைக்கிறார்கள். நன்றாகப் பாடுபவர்களுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு.

கப்ஸ் ஜெயித்தால் ஸ்கோர் பலகையின் மேல் வெள்ளைக்கொடியில் நீல டபிள்யூ ஏறும். தோற்றால் நீலக்கொடியில் வெள்ளை எல். ரயிலில் வீடு திரும்புபவர்கள் ஜன்னல் வழியே பார்த்து முடிவைத் தெரிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு. 1908-க்குப் பிறகு 2016 வரை, 108 வருடம், இந்த அணி கோப்பையே வாங்கவில்லை. அவ்வளவு காலமும் கூட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. எதிரணி ரசிகர்களைத் தனிக் கூண்டில் அடைப்பதில்லை என்பதையும் கவனித்தேன். என் வலப்பக்கம் செயின்ட் லூயிஸ் சட்டை போட்ட ஒரு குடும்பம், இடப்பக்கம் கப்ஸ் சட்டை. கேலி செய்துகொண்டார்கள், பிறகு ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டார்கள்.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பருவத்தில் அவை இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கடிகாரப்படி 60 நிமிடம், மைதானத்தில் உட்காருவது மூன்று மணி நேரத்துக்கு மேல், பந்து உண்மையில் அசைவது சுமார் 11 நிமிடம்தான் என்று ஒரு பத்திரிகை 2010-இல் நேரம் குறித்து எண்ணிச் சொன்னது. வீட்டில் டிவியில் விளம்பரம் ஓடும்போது மைதானத்தில் வீரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை நவம்பர் குளிர்வரை தங்கி அதைப் பார்த்தபோது, இந்த ஆட்டம் நமக்காக நடக்கவில்லை, கேமராவுக்காக நடக்கிறது என்று தோன்றியது. ஆட்டத்தைவிட அதற்கு முன்பு கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் அடுப்பு மூட்டல் சுவையானது. வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, கறி வாட்டி, வழிப்போக்கனுக்கும் ஒரு தட்டு நீட்டுகிறார்கள். போவதாக இருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை கொண்டுபோங்கள், மற்ற பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். 2013-இலிருந்து அந்த விதி.

ஊர் அபிமானம் இவ்வளவு இருந்தும் அணி ஊருக்குச் சொந்தமில்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்காத விஷயம். உரிமையாளர் நினைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனது அப்படித்தான். விதிவிலக்கு கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி. ஒரு லட்சம் பேர் வாழும் சிற்றூரின் அணி, 1923-இலிருந்து ஊராரும் ரசிகர்களும் பங்குதாரர்கள். ஐபிஎல் அணிகளை வாங்கி விற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழக்கமானதுதான். அந்த முறை இப்போது திரும்பிப் போய் அங்கேயே கிரிக்கெட்டாக முளைத்திருக்கிறது. 2023-இல் தொடங்கிய மேஜர் லீக் கிரிக்கெட்டில் டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் நம் சென்னை அணியின் உரிமையாளர்களுக்குப் பங்குள்ள அணி. டல்லாஸுக்கு அருகே, பழைய பேஸ்பால் மைதானம் ஒன்றைக் கிரிக்கெட்டுக்கு மாற்றி ஆடுகிறார்கள். உலகின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் 1844-இல் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்தது என்பதை நினைத்தால், விருந்தாளி தன் பழைய வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இனி டிப்ஸ்.

முதல் பயணத்தில் ஒரு நாள் நானும் மனைவியும் தனியாக ஓட்டலுக்குப் போனோம். பில் வரி போக 46 டாலர். நம் ஊரில் சோம்புத் தட்டில் இருபது ரூபாய் வைப்பவன் நான். மூன்று டாலர் என்பதே எனக்குத் தாராளமாகப் பட்டது. வாசலைத் தாண்டும் முன் அந்த சர்வர் பெண் ஓடி வந்து, கோபமே இல்லாமல், "உங்களுக்கு ஏதாவது குறை இருந்ததா?" என்று கேட்டாள். குறையே இல்லை, நன்றாக இருந்தது என்று மனைவி மனதாரச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் குழம்பிப்போனது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோதுதான் அந்தக் கேள்வியின் பொருள் தெரிந்தது. நாங்கள் அவளுக்குக் கொடுத்தது பரிசு என்று நினைத்தோம். அவள் கணக்கில் நாங்கள் சம்பளத்தைப் பிடித்தம் செய்துவிட்டோம்.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து மாறவில்லை. டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டியது வெறும் 2.13 டாலர். இது 1991-இலிருந்து அசையவில்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. ஏட்டில் விதி சரிதான், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் போய்க் கேட்பாரா என்பது வேறு விஷயம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா உட்பட ஏழு மாநிலங்களில் இந்தப் பாகுபாடு இல்லை, முழுக்கூலியும் முதலாளிதான் தர வேண்டும். நீங்கள் போகும் இல்லினாய் மாநிலம் நடுவில் நிற்கிறது. 2025-இலிருந்து பொதுக்கூலி 15 டாலர், டிப்ஸ் வேலைக்கு 9 டாலர், சிகாகோ நகரத்துக்குள் இன்னும் கூடுதல். ஆனால் ஏரிக்கரையோரமாகக் காரில் தெற்கே போய் மாநில எல்லையைத் தாண்டினால் இந்தியானா, அங்கே 2.13 டாலர்தான். வேடிக்கை என்னவென்றால், எல்லைக்கு இரண்டு பக்கமும் மக்கள் வைக்கும் டிப்ஸ் அதே 18, 20 சதவீதம். முழுக்கூலி தரும் கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய அதேதான். கூலிக்குறைவுதான் டிப்ஸுக்குக் காரணம் என்பார்கள், ஆனால் கூலி ஏறினாலும் வழக்கம் இறங்குவதில்லை.

இந்த வழக்கத்தின் வேர் சிகாகோவிலேயே ஒரு கிளை விட்டிருக்கிறது, நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். டிப்ஸ் என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் பழக்கம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பா சுற்றிவந்த அமெரிக்கப் பணக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவின் ஜார்ஜ் புல்மன் தன் சொகுசுத் தூங்கும் ரயில்பெட்டிகளில் பணியாளர்களாக அவர்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தினார், சம்பளம் மிகச் சொற்பம், மீதி பயணிகள் தரும் காசு. பயணிகள் எந்தப் பணியாளரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிடுவார்கள். அடிமையை எஜமானன் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம். புல்மன் இறந்ததும் 1897-இல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் ராபர்ட் லிங்கன், அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன். அந்த நிறுவனத்தில் கறுப்பினப் பணியாளர்கள் சங்கம் கட்ட 1925 வரையும், ஒப்பந்தம் பெற 1937 வரையும் ஆயிற்று. வழிநடத்தியவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். புல்மன் தன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிய குடியிருப்பு நகரின் தெற்கே அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது, இப்போது அது தேசிய வரலாற்றுப் பூங்கா. செங்கல் வீடுகளின் வரிசையில் நடந்து போனபோது எனக்கு அந்த மூன்று டாலர்தான் ஞாபகத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

அமெரிக்கர்கள் இதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவன் கை நீட்ட, இன்னொருவன் போடுவது குடியரசுக்கு இழுக்கு என்று கொதித்தவர்கள் இருந்தார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டம் போட்டே தடுத்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாச் சட்டங்களும் வாபஸ். நம் காலத்தில் நியூயார்க்கின் பெயர் பெற்ற உணவக அதிபர் டேனி மேயர் 2015-இல் தன் ஓட்டல்களில் டிப்ஸை எடுத்துவிட்டு விலையை ஏற்றிப் பார்த்தார். 2020-இல் பழைய முறைக்கே திரும்பிவிட்டார். நல்ல சர்வர்கள் டிப்ஸ் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள், வாடிக்கையாளர்களோ மெனுவில் ஏறிய விலையைப் பார்த்து மிரள்கிறார்கள். 2025-இல் வந்த வரிச்சட்டம் வேறு, டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை 2028 முடிய வரிவிலக்கு தந்திருக்கிறது. இனி இந்த வழக்கம் சீக்கிரத்தில் போகாது.

என் கருத்தைக் கேட்டால், சம்பளத்தை முதலாளி கொடுப்பதே முறை. ஆனால் அந்தச் சண்டையை மேசைக்கு வந்து தண்ணீர் ஊற்றுபவரோடு போடுவதில் நியாயமில்லை. நீங்கள் தரும் பணத்தில் ஒரு பங்கு மேசை துடைப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் போகிறது. பல இடங்களில் விற்பனையைக் கணக்கிட்டு அந்தப் பங்கைப் பிடிப்பார்கள். அதாவது நீங்கள் ஒன்றுமே வைக்காவிட்டால், உங்களுக்குப் பரிமாறியதற்கு அவர் கையிலிருந்து போகும்.

சரி, எவ்வளவு? உட்கார்ந்து சாப்பிட்டால் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி இரண்டால் பெருக்குங்கள். 46 டாலருக்கு 4.60, இருமடங்கு 9.20. நானும் அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் வைத்திருக்க வேண்டும். பஃபே என்றால் பத்து போதும். மதுக்கூடத்தில் கோப்பைக்கு ஒரு டாலர், கலவைப் பானத்துக்கு இரண்டு. டாக்சிக்கு 15 முதல் 20 சதவீதம். முடிதிருத்துபவருக்கும் அப்படியே. விடுதியில் பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர். அறையைச் சுத்தம் செய்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் ஐந்து, அன்றன்றைக்குக் காலையிலேயே வையுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால், முந்தைய நாட்களில் வேலை செய்தவருக்குப் போய்ச் சேராது.

உட்காராமல் கவுன்டரில் வாங்கும் காப்பிக்குக் கட்டாயம் எதுவுமில்லை. ஆனால் பணம் கட்டும் திரையை உங்கள் பக்கம் திருப்புவார்கள். 18, 20, 25 என்று மூன்று பெரிய பொத்தான்கள், "வேண்டாம்" என்பது கீழே பொடி எழுத்தில். பின்னால் வரிசை, எதிரே பணியாளர் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருப்பார். முதல் முறை ஒரு பாட்டில் தண்ணீருக்கு இருபது சதவீதம் அழுத்திவிட்டு வந்தேன். இப்போது கூச்சமில்லாமல் "வேண்டாம்" அழுத்துகிறேன், யாரும் என்னைத் துரத்தவில்லை. மைதானத்தில் படியேறி வந்து கொடுப்பவர்களுக்கு ஒரு டாலர் சேர்த்துக் கொடுங்கள், அவர்களுக்கு விற்பனையில் கமிஷன்தான் வருமானம். நீங்களே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடைகளில் திரை கேட்டாலும் தேவையில்லை.

பில்லை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் வையுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் டிப்ஸை அவர்களே சேர்த்திருக்கக்கூடும், அப்படியானால் மறுபடி வைக்க வேண்டாம். "சேவைக் கட்டணம்" என்று போட்டிருந்தால் அது வேறு. டிப்ஸ் சட்டப்படி பணியாளருடையது, முதலாளி அதில் கைவைக்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் வந்தது. சேவைக் கட்டணம் முதலாளியுடையது, அவர் பகிரலாம், பகிராமலும் இருக்கலாம். யாருக்குப் போகிறது என்று தயங்காமல் கேளுங்கள், தவறாக நினைக்கமாட்டார்கள். கார்டில் கட்டினால் இரண்டு சீட்டு வரும். ஒன்றில் டிப்ஸையும் மொத்தத்தையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இந்திய வங்கியிலிருந்து உடனே வரும் குறுஞ்செய்தியில் டிப்ஸ் இல்லாத தொகை இருக்கும், இரண்டு நாள் கழித்துக் கணக்கில் கூடுதலாகக் கழிந்திருக்கும். மோசடி என்று பதறி கார்டை முடக்கிவிடாதீர்கள். நான் முடக்கினேன்.

ஆட்ட டிக்கெட்டுக்கு இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு விலை காட்டி, கடைசித் திரையில் கட்டணங்களைச் சேர்ப்பார்கள். 2025 மே மாதத்திலிருந்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். டிக்கெட் செல்பேசியில்தான் வரும், மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிக்லியில் வார நாள் பகல் ஆட்டமாக எடுங்கள், வார இறுதியைவிட மலிவு. மட்டைக்காரருக்குப் பின்னால் மேல்தளம் நல்லது, நிழலும் இருக்கும், பந்து வளைவதும் தெரியும். எல்லைச் சுவர் பக்கத்துத் திறந்தவெளி இருக்கைகளில் ரகளை அதிகம், வெயிலும் அதிகம். ஜூன்தானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று திரும்பினால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே ஏதாவது வங்கிக் கிளையில் இருபது டாலரைக் கொடுத்து ஒற்றை டாலர் நோட்டுகளாக மாற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள், அறை சுத்தம் செய்பவருக்கும் பெட்டி தூக்குபவருக்கும் கார்டு தேய்க்க முடியாது.